ஒரு பாட்டு, ஒரு கடற்கரை, ஒரே ஷொட்: யாழ்ப்பாணத்து றொக் குழுவின் முதல் சிங்கிளுக்கு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் கிற்றார் வாசிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. கலியாண வீடு, பாடசாலை விழா, கோயில் திருவிழா மேடை என்று வாசிக்க இடமும் கிடைக்கிறது. சொந்தப் பாட்டு என்று வரும்போதுதான் எல்லாம் நின்றுவிடுகிறது. பாட்டு இருக்கும், ஆனால் யாருடையதோ கைபேசியில் குரல்பதிவாகக் கிடக்கும். கேட்டால், "வீடியோவுக்குக் காசு சேரட்டும், ரெண்டையும் சேர்த்து விடுவம்" என்பார்கள். காசு சேர்வதற்குள் ட்ரம்ஸ் வாசிப்பவர் கனடா போய்விடுவார்.

முதல் சிங்கிளுக்கு, அதாவது தனியாக வெளியிடும் முதல் பாட்டுக்கு, பெரிய வீடியோ தேவையில்லை என்பது என் கட்சி. ஒரு கடற்கரை, ஒரு பாடகர், வெட்டே இல்லாத ஒரு ஷொட் போதும். ஆனால் இதைப் படம்பிடிக்கும் அன்று யோசித்தால் சரிவராது. பாட்டை அமைக்கும்போதே யோசிக்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டி பாட்டிலிருந்தே தொடங்குகிறது.

படி 1: மாதிரியை முதலில் பாருங்கள்

கோல்ட்ப்ளே என்ற பிரித்தானிய றொக் குழுவின் 'எல்லோ' 2000 ஜூன் 26 அன்று பிரித்தானியாவில் சிங்கிளாக வந்தது. அதுவரை அந்தக் குழுவைப் பெரிதாக யாருக்கும் தெரியாது. இந்தப் பாட்டு அங்கே பட்டியலில் 4ஆம் இடத்துக்குப் போனது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. வீடியோவை ஜேம்ஸ் அன்ட் அலெக்ஸ் என்ற இயக்குநர் இணை, இங்கிலாந்தின் தெற்குக் கரையில் டோர்செட் பகுதியிலுள்ள ஸ்டட்லண்ட் குடாவில் எடுத்தது. குழு முழுவதும் வெயில் அடிக்கும் கடற்கரையில் நிற்பதுதான் முதல் திட்டம். அன்றைக்கென்று மழையும் காற்றும். அதே நாளில் ட்ரம்ஸ் வாசிக்கும் வில் சாம்பியனின் தாயாருடைய இறுதிச்சடங்கு. கடைசியில் பாடகர் கிறிஸ் மார்ட்டின் மட்டும் மழை ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு கரையோரமாகப் பாடிக்கொண்டே நடந்தார். வெட்டு இல்லை, கதை இல்லை, நடனம் இல்லை.

சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். அலையும் தலைமுடியும் மெதுவாக அசைகின்றன, வாய் மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்துகிறது. செக்கனுக்கு 50 ஃபிரேம் (தனித்தனிப் படம்) எடுத்து, பாதி வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் படப்பிடிப்பில் அவர் இரண்டு மடங்கு வேகமாக ஓடும் பாட்டுக்கு வாயசைத்திருக்கிறார். இந்த ஒரு வித்தைதான் வெறும் நடையைப் பார்க்கத்தக்கதாக மாற்றுகிறது. இதற்குப் பணம் தேவையில்லை, ஒத்திகை தேவை.

அப்படியே நகல் எடுக்கச் சொல்லவில்லை. முறையை எடுங்கள், படத்தை உங்கள் ஊரிலிருந்து எடுங்கள்.

படி 2: ஒரே ஷொட்டுக்குத் தாங்கும் பாட்டு

வெட்டு இல்லாத வீடியோவில் கண்ணுக்குக் கிடைக்காத மாற்றத்தைப் பாட்டுத்தான் கொடுக்க வேண்டும். ட்ரம்ஸ் எங்கே நுழைகிறது, கிற்றார் எங்கே ஓய்கிறது, கடைசிப் பல்லவியில் குரல் எவ்வளவு உயர்கிறது என்பதெல்லாம் இங்கே காட்சி மாற்றங்கள். முதல் வரியிலிருந்தே எல்லா வாத்தியமும் முழுச் சத்தத்தில் போகும் பாட்டென்றால் இந்த முறையை விட்டுவிடுங்கள். அதற்கு வெட்டி ஒட்டிய மேடை வீடியோதான் சரி.

வேகத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 75 முதல் 90 தாள அடி வரையான பாட்டு வசதி. இரட்டிப்பாக்கினால் 150 முதல் 180 வரும், பயிற்சி செய்தால் வாயசைக்கலாம். 130இல் ஓடும் பாட்டை 260 ஆக்கினால் எந்தப் பாடகருக்கும் நாக்குப் பிரளாது.

கிற்றார் தனியாவர்த்தனம் வைக்க ஆசை இருக்கும். வையுங்கள், 8 பாருக்கு (ஒரு பார் நான்கு தாள அடி) மேல் வேண்டாம். 80 அடி வேகத்தில் அது 24 செக்கன். அந்த 24 செக்கனும் கமரா முன்னால் தனியாக நிற்பவர் பாடாமல் என்ன செய்வார் என்று கேட்டுப் பாருங்கள். திரும்பிக் கடலைப் பார்க்கலாம், செருப்பைக் கழற்றலாம். பதில் வராவிட்டால் தனியாவர்த்தனத்தைக் குறையுங்கள்.

வரிகளில் ஒரு விசயம். மெட்டின் உச்சத்தில் குரல் நீளும் இடத்தில் ஆ, ஓ போன்ற நெடில் வருமாறு எழுதுங்கள். குறிலை இழுத்தால் மலை மாலையாகிவிடும். ஆங்கில றொக்கின் மெட்டை முதலில் போட்டுவிட்டு அதற்குள் தமிழை அடைக்கும் பாட்டுகளில் இந்தக் கோளாறு ஏராளம். இன்னொன்று, கொழும்புக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் விளங்க வேண்டுமே என்று பேச்சை மாற்றி எழுதாதீர்கள். 1970களில் நித்தி கனகரத்தினம் போன்றவர்கள் நம் ஊர்ப் பேச்சிலேயே துள்ளிசை பாடினார்கள், கடல் தாண்டியும் கேட்டார்கள்.

படி 3: ஒலிப்பதிவு

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வீடியோ கைபேசியில் எடுத்ததாக இருக்கலாம், பாட்டு அப்படிக் கேட்கக் கூடாது.

முதலில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) ஓடவிட்டு, கிற்றாரும் குரலும் மட்டும் வைத்து ஒரு வழிகாட்டிப் பதிவு செய்யுங்கள். பின்னால் பாட்டை இரட்டிப்பு வேகமாக்கும்போதும், படத்தோடு பொருத்தும்போதும் சீரான தாளம் கைகொடுக்கும். பதிவு 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் இருக்கட்டும். வீடியோவுக்கும் அதுதான் வழக்கமான அளவு.

அதன்பின் ட்ரம்ஸ். இரண்டு உள்ளீடு கொண்ட சின்ன ஓடியோ இன்டர்ஃபேஸை (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வைத்து வீட்டில் ட்ரம்ஸ் பதிய மினக்கெடாதீர்கள். காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மான கிக்குக்கு ஒன்று, முன்னால் இருக்கும் சின்ன ட்ரம்மான ஸ்னேருக்கு ஒன்று, மேலே இரண்டு என்று குறைந்தது நான்கு மைக் வேண்டும், அறையும் எதிரொலிக்கக் கூடாது. ஒரு ஸ்டூடியோவை அரைநாள் எடுத்து ட்ரம்ஸை மட்டும் அங்கே பதிந்துகொண்டு வாருங்கள். அதுவும் முடியாவிட்டால் மின்னணு ட்ரம்ஸில் வாசித்து மிடியாக, அதாவது ஒலியாக அல்லாமல் எந்த அடி எப்போது என்ற தரவாகப் பதியலாம். பேஸையும் கிற்றாரையும் வீட்டிலேயே நேரடியாகச் செருகிப் பதிந்து, அம்ப் சத்தத்தை மென்பொருளில் கொடுக்கலாம். செருகியதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்டால் பெரும்பாலும் அது வீட்டு மின்சாரத்தின் எர்த் கோளாறு. லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

குரல் பதிவுக்கு இரவு பத்து மணிக்குப் பிறகு உட்காருவது நல்லது. பகலில் யாழ்ப்பாணத்தில் அமைதியை எதிர்பார்க்க முடியாது. கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்தால் பாண் விற்கும் ஓட்டோ மெட்டு ஒலித்துக்கொண்டு வரும். பேத்தோவன் 'ஃபியூர் எலீஸ்' எழுதியபோது அது ஒழுங்கையில் பணிஸ் விற்கப் பயன்படும் என்று நினைத்திருக்க மாட்டார். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, உங்கள் பாட்டில் விழுந்தாலும் யாரும் வழக்குப் போடமாட்டார்கள், ஆனால் சுருதிதான் சேராது. அறையின் அலுமாரியைத் திறந்து, துணிகள் பாடகருக்கு முதுகுப்பக்கம் இருக்குமாறு நிறுத்துங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் பொப் ஃபில்டர் (வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை).

ஊரின் சத்தம் ஒன்றைப் பாட்டுக்குள் கொண்டுவர விரும்பினால், தவிலும் நாதஸ்வரமும் எல்லோருக்கும் முதலில் நினைவில் வரும். நான் சொல்வது பட்டத்தின் விண். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் ஏறும் பெரிய பட்டங்களில் பூட்டிய விண், காற்றில் விடாமல் இரையும் ஓசை இருக்கிறதே, அதைப் பதிந்து, பாட்டின் ஆதார சுருதிக்கு ஏற்ப ஏற்றி இறக்கிப் பின்னணியில் மெல்லிசாக விட்டுப் பாருங்கள். எந்த சிந்தசைசரிலும் அது கிடைக்காது. காற்று மைக்கை அடிக்காமல் இருக்க அதற்கு உரோமத் தொப்பி போட்டே பதியுங்கள்.

மிக்ஸிங்கை உங்கள் குழுவில் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். கிற்றார்காரர் மிக்ஸ் செய்தால் கிற்றார்தான் கேட்கும். சத்தத்தைக் கூட்டு கூட்டு என்று நெருக்கவும் வேண்டாம். ஸ்பொட்டிஃபை வழமையாக -14 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்திவிடும், யூடியூபும் அளவு மிஞ்சிய சத்தத்தைக் குறைத்துவிடும். கூடுதலாக நசுக்கினால் உயிர்தான் போகும்.

படி 4: இடமும் காலமும்

சூரியன் கடலிலிருந்து எழும்ப வேண்டும் என்றால் வடமராட்சியின் மணற்காடு. மணல் மேடுகள், சவுக்கங்காடு, மணலில் பாதி புதைந்த பழைய தேவாலயம் என்று பத்து நிமிட நடைக்குள் எல்லாம் உண்டு. காரைநகர் கசூரினாவில் கடல் ஆழமில்லாமல் தூரம்வரை போகும், பாடகரைத் தண்ணீருக்குள் நடக்க வைக்கலாம். வேலணைச் சாட்டியும் நல்லதுதான், விடுமுறை நாட்களில் சனம் அதிகம். பண்ணையில் மாலை வெளிச்சம் நன்றாக விழும், ஆனால் கோட்டையும் பாலமும் பின்னால் இருக்கும் ஷொட்டை எல்லோரும் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு மணற்காடுதான். ஒரு நிபந்தனை: தேவாலயத்தின் இடிபாடும் அந்தப் பக்கத்துக் கல்லறைகளும் அந்த ஊர்ச்சனத்துடையவை. சோகப் பாட்டுக்கு வடிவான பின்னணி என்று சிலுவைகளுக்கு நடுவில் நடக்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. வாடை வீசும் மாதங்களில் வடமராட்சிக் கடல் கொந்தளிக்கும், ஆக்ரோசமான பாட்டென்றால் அதையே பயன்படுத்தலாம். சோளகக் காற்று பிடித்துவிட்டால் மணல் பறந்து லென்ஸுக்குள் புகும். அமைதியான கடல் வேண்டுமென்றால் பங்குனி, சித்திரை. வற்றும் பெருக்கும் நம் கரையில் சிறியவை, அதற்காகத் தலையைப் பிய்க்க வேண்டியதில்லை.

அனுமதி விசயத்தில் அலட்சியம் வேண்டாம். பிரதேச சபையிடம் எழுத்தில் கேளுங்கள், கிராம அலுவலருக்கும் சொல்லி வையுங்கள். அதைவிட முக்கியம் கடற்றொழிலாளர் சங்கம். விடியற்காலையில் கரை அவர்களுடையது. படகு வந்து ஏறும் இடம், வலை காயும் இடம் எதுவென்று முதல்நாளே நடந்து கேட்டால், மறுநாள் அவர்களே வழிவிட்டுத் தருவார்கள், தேத்தண்ணியும் தருவார்கள். ட்ரோன் என்றால் பதிவு விதிகளைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் கேட்க வேண்டும், பாதுகாப்புத் தரப்பின் அனுமதி பற்றியும் கேட்க வேண்டும். வட மாகாணக் கரையோரத்தில் கடற்படையும் இராணுவமும் பல இடங்களில் இருக்கின்றன. இந்த வீடியோவுக்கு ட்ரோன் தேவையே இல்லை என்பது இன்னொரு சௌகரியம். யாழ்ப்பாணக் கோட்டை போன்ற தொல்லியல் இடங்களுக்குத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தனி.

படி 5: இரட்டிப்பு வேகப் பாட்டும் ஒத்திகையும்

முடிந்த மிக்ஸின் தொடக்கத்தில் நான்கு கிளிக், அதன்பின் ஒரு 'பீப்' சேர்த்துவிட்டு, அதன் பிரதியைச் சுருதி மாறாமல் சரியாக இரண்டு மடங்கு வேகமாக்குங்கள். எந்த ஒலி மென்பொருளிலும் செய்யலாம். 4 நிமிடப் பாட்டு 2 நிமிடமாகும். பாடகர் இதைக் கைபேசியில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலும் குளியலறையிலும் முணுமுணுக்கட்டும். கண்ணாடி முன் நின்று பழகும்போது வாயை வழக்கத்தைவிட அகலமாகத் திறக்கப் பழக வேண்டும். வேகத்தில் உதடுகள் சோம்பேறியாகும், பாதி வேகத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். கண் இமைப்பதையும் கவனியுங்கள். மெதுவாக மூடித் திறக்கும் கண் தூக்கத்தில் நடப்பவரைப்போல் காட்டும்.

நடையை அளந்துகொள்ளுங்கள். மணலில் சாதாரண நடை செக்கனுக்கு ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. 2 நிமிடத்துக்கு 120 மீற்றர் நேர்க்கரை இருந்தால் தாராளம். முதல் பல்லவி எந்த இடத்தில் வரும், கடைசி வரி எந்த இடத்தில் முடியும் என்று கமராவுக்குத் தெரியாத பக்கம் தடி ஊன்றி அடையாளம் வையுங்கள்.

கமராக்காரர் பாடகருக்கு முன்னால் பின்னோக்கி நடப்பார். அவர் இடுப்பைப் பிடித்து வழிகாட்ட ஒருவர் கட்டாயம் வேண்டும், மணலில் நண்டு வளை நிறைய. பாட்டை ஒலிக்கும் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் கமராவோடு சேர்ந்தே நகர வேண்டும். ஸ்பீக்கரை ஓரிடத்தில் வைத்துவிட்டால், பாடகர் 34 மீற்றர் தள்ளிப் போகும்போது சத்தம் அவரிடம் வந்து சேர ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு பிந்தும். வாயசைவு போகப்போகப் பிசகுவதற்கு இதுதான் காரணம், பலர் கமராவைக் குறை சொல்வார்கள். வேறு வழி, கமராவுக்குத் தெரியாத காதில் ஒரு இயர்போன்.

ஆக, குழுவில் மற்ற மூவருக்கும் வேலை வந்துவிட்டது. 'எங்களைக் காட்டவில்லையே' என்று வரும் சண்டைக்கும் நேரமிருக்காது.

படி 6: படம்பிடிக்கும் காலை

கமராவில் செக்கனுக்கு 50 ஃபிரேம், ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்கு வெளிச்சம் விழும் நேரம்) 1/100 செக்கன். கைபேசி 50ஐத் தராமல் 60 மட்டும் தந்தால் 60இல் எடுத்து 30இல் ஓட்டுங்கள், கணக்கு மாறாது. கைபேசியின் சொந்தக் கமரா ஃபிரேம் வேகத்தை நடுவில் ஏற்றி இறக்கும், வெளிச்சத்தையும் தானே மாற்றும். அதனால் பிளாக்மேஜிக் கமரா என்ற இலவச அப்பை இறக்கி, ஃபிரேம் வேகம், வெளிச்ச அளவு, வெள்ளைச் சமநிலை (நிறச் சாயல்), ஃபோகஸ் எல்லாவற்றையும் பூட்டுங்கள். விடிந்து வெளிச்சம் கூடும்போது அந்த அளவை டேக்குகளுக்கு (ஒருமுறை எடுப்பது ஒரு டேக்) இடையில் மட்டும் மாற்றுங்கள். கடற்கரையில் அல்லாமல் வீட்டுக்குள்ளோ மேடையிலோ எடுத்தால் ஒரு எச்சரிக்கை: நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 60 ஃபிரேமில் எடுத்தால் மலிவான எல்இடி விளக்குகள் துடிக்கும்.

சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கு முன்பின்னாகத்தான் உதிக்கும். அதற்கு ஏறத்தாழ இருபது நிமிடம் முன்பிருந்து உதித்த பின் இருபது நிமிடம் வரைதான் உங்களுடைய நேரம். ஒரு டேக்குக்கு 2 நிமிடம், திரும்பி நடந்து, காலடித் தடம் இல்லாத மணலுக்கு நகர்ந்து, மூச்சு வாங்க ஐந்தாறு நிமிடம். ஐந்து டேக் கிடைக்கும். ஆகவே ஐந்தரை மணிக்கு அங்கே 'போய்ச் சேரக்' கூடாது, அந்த நேரம் ஒரு ஒத்திகை முடிந்திருக்க வேண்டும். சட்டை வெள்ளையாக வேண்டாம், வானத்தோடு கலந்துவிடும். காற்றில் படபடக்கும் தளர்ந்த துணி மெதுவசைவில் நன்றாக இருக்கும். கிற்றாரை உப்புக்காற்றுக்குக் கொண்டுவராதீர்கள், கம்பி துருப்பிடிக்கும்.

ஒவ்வொரு டேக்கிலும் பீப்புக்குக் கையைத் தட்டுங்கள், பொருத்துவதற்கு உதவும். மழை வந்தால் நிறுத்தாதீர்கள். கைபேசிக்கு ஒரு பொலித்தீன் உறை போதும்.

படி 7: தொகுப்பு

டாவின்சி ரிசோல்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பு தாராளமாகக் காணும். வீடியோவை உள்ளே போடுவதற்கு முன் புரொஜெக்டின் வேகத்தை 25 ஆக அமைத்துவிடுங்கள், பின்னர் மாற்ற விடாது. அதன்பின் கிளிப்பின் தன்மைகளில் 50ஐ 25 ஆக்கினால், எடுத்த ஒவ்வொரு ஃபிரேமும் தெளிவாக, பாதி வேகத்தில் ஓடும். அடியில் அசல் வேகப் பாட்டை வைத்து, கைதட்டும் பீப்பும் சந்திக்கும் இடத்தில் பொருத்துங்கள். வெட்டே இல்லாததால் தொகுப்பு இவ்வளவுதான். மிச்ச நேரத்தை நிறத்துக்குச் செலவிடுங்கள். தொடக்கத்தில் நீலம் கலந்த இருள், பாட்டு ஏற ஏற வெளிச்சம் என்று கீஃபிரேம் (மாற்றம் தொடங்கும், முடியும் இடங்களின் குறி) போட்டு மெல்ல மாற்றலாம். இரண்டு டேக் நல்லதாக வந்தால் வாய் சரியாகப் பொருந்தும் டேக்கை விட்டு, முகம் உண்மையாக இருக்கும் டேக்கை எடுங்கள். ஓரிரு எழுத்து பிசகினால் யாருக்கும் தெரியாது.

படி 8: உரிமை, வெளியீடு

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை உருவாக்கிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்ய வேண்டியதில்லை, எழுதியவர் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் அது நிற்கும். சண்டை வருவது வெளியாரோடு அல்ல, உங்களுக்குள்தான். வரி யாருடையது, மெட்டு யாருடையது, வருமானம் எப்படிப் பிரியும் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். ட்ரம்ஸ்காரர் கனடா போகிறார் என்றால் அவருடைய பங்கையும் எழுதுங்கள்.

ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு 2021 பெப்ரவரியில் வந்தது. அதற்கும் மற்றத் தளங்களுக்கும் டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகஸ்தர் வழியாகவே பாட்டு போகும். ஐஎஸ்ஆர்சி எனும் 12 எழுத்து அடையாள எண்ணையும் அவர்களே தருவார்கள். அவர்கள் தரும் காசு எந்த வழியாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதைச் சேருவதற்கு முன்பே விசாரியுங்கள். பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். 12 மாதத்தில் 1000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பொட்டிஃபை எதுவும் தராது. யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1000 சந்தாதாரரும், ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் ஷோர்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை) வேண்டும். விநியோகஸ்தர் கொன்டென்ட் ஐடியில் (பாட்டு எந்த வீடியோவில் வந்தாலும் கண்டுபிடிக்கும் யூடியூப் முறை) பாட்டைச் சேர்த்தால் உங்கள் வீடியோவுக்கே உரிமைக் கோரல் வந்து நிற்கும், உங்கள் சனலை விலக்குப் பட்டியலில் போடும்படி முதலே சொல்லுங்கள்.

வெளியீட்டு நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே பாட்டை ஏற்றிவிடுங்கள். ஸ்பொட்டிஃபையின் தெரிவுப் பட்டியல்களுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 7 நாள் முன்பாவது இருக்க வேண்டும். பாட்டின் பெயரைத் தமிழில் எழுதுங்கள், எல்லாத் தளத்திலும் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கட்டும். வரிகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் துணைத்தலைப்புக் கோப்பாகச் சேருங்கள். வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், வாசிக்கத்தான் கஷ்டம்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் யாழ்ப்பாணத்தில் உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள், அதை விட்டுவிடுங்கள். மற்றபடி ஞாயிறு இரவு 8 மணி நல்ல நேரம். கோடையில் அப்போது லண்டனில் பிற்பகல் 3.30, ரொறன்ரோவில் காலை 10.30. குளிர்காலத்தில் இரண்டிலும் ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள். வீடியோவின் இணைப்பை முதலில் மணற்காட்டுக் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவருக்கு அனுப்புங்கள். அவர் தன் வட்ஸ்அப் குழுவில் போட்டால், அடுத்த வீடியோவுக்கு அந்தக் கரையில் அனுமதிக் கடிதம் எழுதும் வேலை பாதியாகக் குறையும்.